சுமைதாங்கி ரோடு

ஆசிரியருக்கு வணக்கம். தக்கலை பக்கம் எங்கள் ஊர் ரோட்டுக்குப் பதிவில் வேறு பெயர். எங்களுக்கு அது சுமைதாங்கி ரோடுதான். சுமைதாங்கி என்றால் நட்டுவைத்த இரண்டு கல், மேலே குறுக்காக ஒன்று, நெஞ்சளவு உயரம். அந்தக் காலத்தில் மீன் கடவத்தோடு, அதாவது ஓலைக்கூடையோடு, குளச்சலில் இருந்து நடந்து வருபவர்கள், மரச்சீனிக் கிழங்கு சுமப்பவர்கள், இறக்கிவிட ஆள் தேடாமல் தாங்களே சுமையை அதில் வைத்து மூச்சு வாங்குவார்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக இப்படிக் கல் நடுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். எங்கள் கல்லும் அப்படி வைத்ததுதான் என்று பாட்டி சொல்வார். கடவம் பட்டுப் பட்டு மேல்கல்லின் நடுப்பகுதி வழவழவென்று இருக்கும். சின்ன வயதில் தடவிப் பார்த்திருக்கிறேன். ரோட்டை அகலப்படுத்தியபோது பிடுங்கிய அந்தக் கல் இப்போது ஓடையில் புல்லுக்குள் கிடக்கிறது. பழையபடி ரோட்டோரத்திலேயே அதை நட்டுத் தர வேண்டும்.

- ஒரு வாசகர், தக்கலை