செம்பட்டை அல்ல, செம்முடி

அன்புள்ள தம்பிக்கு,

பிறக்கப்போகும் குழந்தைக்கு மருமகளின் சிவப்பு முடி வருமா என்று கேட்டிருந்தாய். அநேகமாக வராது.

16-ஆவது குரோமோசோமில் எம்சி1ஆர் என்றொரு மரபணு இருக்கிறது. நிறமிச் செல்லின் மேல் உட்கார்ந்திருக்கும் ஓர் ஏற்பியை அது உண்டாக்குகிறது. ஹார்மோன் வந்து அந்த ஏற்பியைத் தூண்டினால் செல் கறுப்பு நிறமியான யூமெலனினைச் செய்யும். ஏற்பி சரியாக வேலை செய்யாவிட்டால் செம்மஞ்சள் நிறமியான ஃபியோமெலனினோடு நின்றுவிடும். சிவப்பு முடிக்கும் இந்த மரபணுவுக்கும் உள்ள தொடர்பு 1995-இல்தான் தெரியவந்தது.

தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இந்த மரபணு எல்லாருக்கும் இரண்டு பிரதியாக வரும். பொதுவாக இரண்டு பிரதியும் மாறியிருந்தால்தான் முடி சிவக்கும். அவளிடம் இரண்டும் அப்படி. ஆகவே குழந்தைக்கு ஒன்று நிச்சயம் போகும். உன்னிடமிருந்து வருவது நன்றாக வேலை செய்யும் பிரதியாகவே இருக்கும் என்பதால் முடி கறுப்பாகவோ அடர்பழுப்பாகவோதான் வளரும். அவளுடையது உள்ளே ஒளிந்திருக்கும். அதே போல ஒரு பிரதியைச் சுமப்பவரை உன் பிள்ளை மணந்தால், பேரனுக்கோ பேத்திக்கோ நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இதுவும் உத்தேசக் கணக்குதான். இரண்டு பிரதியும் மாறியிருந்தும் பொன்னிற முடியோடு இருப்பவர்கள் உண்டு, வேறு மரபணுக்களும் இதில் கைவைப்பதால்.

சிலர் அவளைப் பார்த்து மயங்குகிறார்கள், சிலர் முகம் சுளிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். உலகில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கே உள்ள முடி அது. 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் ஓவியர் ரோசெட்டி, தன் மாடலும் பின்னாளில் மனைவியுமான எலிசபெத் சிடாலின் செம்முடியை ஆசை ஆசையாக வரைந்தார். அதே நாட்டுப் பள்ளிகளில் 'ஜிஞ்சர்' என்பது கேலிப்பெயர். முடி ஒன்றுதான், பார்க்கிற கண்தான் வேறு. நம் பேச்சில் 'செம்பட்டை' என்றால் எண்ணெய் காணாத, சத்தில்லாத முடி. புரதம் குறைந்து சிவக்கும் முடி மெலிந்து, லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும். அவளுடையது நல்ல ஆரோக்கியமான முடி. அந்தச் சொல்லை அவள் காதில் விழவிடாதே.

வெயில் விஷயத்தில் மட்டும் கறாராக இரு. ஃபியோமெலனின் புற ஊதாக் கதிரைச் சரியாகத் தடுக்காது. எஸ்பிஎஃப் என்ற வெயில் காப்பு அளவு 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. பலரும் மெல்லிசாகத் தடவி ஏமாறுவார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்க வேண்டும். காது நுனியும் தலை வகிடும் விட்டுப்போகும் இடங்கள். குழந்தைக்கு 6 மாதம் வரை கிரீம் வேண்டாம், நிழலும் துணியும் போதும்.

தோல் புற்றுநோய் என்றால் கறுப்பு மச்சத்தைத்தான் எல்லாரும் தேடுவார்கள். செம்முடிக்காரர்களுக்கு அது வெறும் இளஞ்சிவப்புப் புள்ளியாகவும் வரலாம். தன் முதுகை அவளால் பார்க்க முடியாது. மாதம் ஒருமுறை நீ பார். புதிதாக ஏதாவது தெரிந்து, வளர்ந்துகொண்டே போனால் உடனே டாக்டரிடம் காட்டு.

அன்புடன்,
அம்மா