பாராசூட் விரிந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ஸ்கைடைவிங் கட்டுரையில், 'பாராசூட் விரிந்துவிட்டால் பயமில்லை, மிதந்தபடி இறங்கி வரலாம்' என்று ஒரு வரி இருந்தது. பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டப்பட்டு, டேண்டம் குதிப்பில் பயணியாக வருகிறவருக்கு அது ஓரளவு பொருந்தும். துபாய்க்கும் தாய்லாந்துக்கும் ஹரியானாவின் நார்னாலுக்கும் போய்த் தனியாகக் குதிக்கப் பழகுகிறவர்கள் அதை நம்பிவிடக் கூடாது. எந்தக் கோளாறும் இல்லாமல் விரிந்த பாராசூட்டோடு தரையில் மோதி இறந்தவர்கள், அமெரிக்க பாராசூட் சங்கத்தின் விபத்து அறிக்கைகளில் ஆண்டுதோறும் இடம்பெறுகிறார்கள்.

இன்றைய பாராசூட் குடை அல்ல, இறக்கை. துணியாலான ஏழு அல்லது ஒன்பது அறைகளுக்குள் முன்வாய் வழியாகக் காற்று புகுந்து அதை விறைப்பாக்குகிறது. பயிற்சி மாணவரின் பாராசூட்டே மணிக்குச் சுமார் 30 கி.மீ. வேகத்தில் முன்னோக்கிப் பறக்கும். 15 கி.மீ. காற்றை எதிர்த்து இறங்கினால் தரையைத் தொடும் வேகம் 15. அதே காற்றோடு இறங்கினால் 45. வேகம் மூன்று மடங்கானால் மோதலின் ஆற்றல் ஒன்பது மடங்கு. எஞ்சின் கிடையாது என்பதால், தவறிப்போனால் மறுபடி மேலேறி ஒரு சுற்று வந்து இறங்கவும் வழியில்லை.

பாராசூட்டின் அளவில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். 75 கிலோ எடையுள்ளவர் கருவிகளோடு சுமார் 88 கிலோ, அதாவது 194 பவுண்டு. 280 சதுர அடி பாராசூட்டில் சதுர அடிக்கு 0.7 பவுண்டு சுமை. நண்பர் இரவல் கொடுத்தார் என்று 170 சதுர அடிக்குத் தாவினால் அது 1.14 ஆகிவிடும். பறக்கும் வேகமும் திரும்பும் வேகமும் கூடும், தவறைத் திருத்திக்கொள்ளும் நேரம் குறையும். புதியவர்களுக்குச் சுமை 1.0-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது.

விரிந்ததும் இறக்கை சதுரமாக இருக்கிறதா, நிலையாக நிற்கிறதா என்று பார்த்து, இரண்டு டாகிள்களையும் (பாராசூட்டைத் திருப்பவும் வேகம் குறைக்கவும் இழுக்கும் கைப்பிடிகள்) விடுவித்து, இடம், வலம் திருப்பி, ஒருமுறை முழுதாக இழுத்துப் பார்க்க வேண்டும். மாணவர் என்றால் 2,500 அடிக்குக் கீழே இறங்குவதற்குள் 'இதை வைத்து இறங்கலாமா, கழற்றிவிட்டு ரிசர்வை (அவசரத்துக்கான இரண்டாவது பாராசூட்டை) இழுக்கலாமா' என்று முடிவெடுத்தாக வேண்டும். கயிறு முறுக்கிக்கொண்டால் ரைசர்களை (தோளிலிருந்து கயிறுகளுக்குப் போகும் பட்டைகளை) விரித்துப் பிடித்துக் காலை உதைத்துப் பிரிக்கலாம். அதற்கும் அந்த உயரம்தான் எல்லை.

சுமார் 1,000 அடியில் காற்றோடும், 600 அடியில் குறுக்காகவும், 300 அடியில் காற்றை எதிர்த்தும் பறப்பது பழகுநர்களுக்கான வழக்கமான பாதை. கடைசிக் கட்டத்தில் எங்கே இறங்குவோம் என்பதைக் கண்ணே சொல்லிவிடும். தரையில் எந்தப் புள்ளி பார்வையில் மேலேறுகிறதோ அதுவரை போய்ச் சேரமாட்டோம். எது கீழிறங்கிக் காலடிக்கு வருகிறதோ அதைத் தாண்டிவிடுவோம். அசையாமல் நிற்கும் புள்ளிதான் நம் இடம். மரம், கட்டடங்களின் காற்று மறைவில் அவற்றின் உயரத்தைப்போல் 10 முதல் 20 மடங்கு தூரம் வரை காற்று சுழன்றடிக்கும். பத்து மீட்டர் மரவரிசை என்றால் நூறு மீட்டர் தள்ளி இறங்கினாலும் போதாமல் போகலாம்.

அடுத்தது ஃபிளேர். பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் இரண்டு டாகிள்களையும் ஒரே சீராக இடுப்புக்குக் கீழே வரை இழுப்பது. இறக்கையின் பின்விளிம்பு தாழ, உடல் முன்னே ஊசலாட, முன்னோக்கிய வேகம் தூக்குவிசையாக மாறும். அந்த உயரத்தைக் கையிலுள்ள ஆல்டிமீட்டர் (உயரமானி) காட்டாது. அவ்வளவு தாழ்வில் அதன் முள்ளை நம்ப முடியாது. நேர்கீழே பார்த்தால் தரை பாய்ந்து வருவதுபோல் தெரிந்து கை முந்திக்கொள்ளும். பார்வை சற்று முன்னே இருக்கட்டும். சீக்கிரம் இழுத்துவிட்டோம் என்று தெரிந்தால் டாகிளை மேலே விடவே கூடாது. விட்டால் இறக்கை முன்னே பாயும், விழுவது இன்னும் வேகமாகும். இழுத்த இடத்திலேயே பிடித்து, தரை நெருங்கும்போது மிச்சத்தை இழுத்து முடித்து, கால்களைச் சேர்த்து உருள வேண்டும்: முன்பாதம், கெண்டைக்கால், தொடை, பிட்டம், எதிர்த்தோள். விழப்போகிறோம் என்று ஒரு கையை ஊன்ற நீட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. நீட்டிய கைப்பக்கம் டாகிளும் சேர்ந்து இறங்கும், பாராசூட் அந்தப் பக்கமே திரும்பும், மணிக்கட்டும் தோளும் உடையும்.

ஆளைக் கொல்வது தாழ்வான திருப்பம். நூறு அடியில் 'அய்யோ, காற்றோடு போகிறோமே' என்று ஒரு டாகிளை அடிவரை இழுத்தால் இறக்கை சரியும், உடல் வெளியே வீசப்படும், பாராசூட் பாயத் தொடங்கும். அது மீண்டும் நேராவதற்குள் தரை வந்துவிடும். காற்றோடு இறங்கினால் கணுக்கால் போகலாம். தாழ்வில் திரும்பினால் உயிரே போகலாம். ஆகவே இறக்கை மட்டமாக இருக்க வேண்டும், முன்னே தடை இருக்கக் கூடாது, பாதியாவது ஃபிளேர் செய்ய வேண்டும், உருளத் தயாராக இருக்க வேண்டும். காற்றின் திசை இவற்றுக்குப் பிறகுதான். எதிரே மின்கம்பி வந்து திரும்பியே ஆகவேண்டும் என்றால், இரண்டு டாகிள்களையும் பாதி இழுத்த நிலையில் ஒன்றை மட்டும் கொஞ்சம் விட்டுத் திரும்புவதை 2,000 அடிக்கு மேலே பல முறை பழகியிருக்க வேண்டும்.

தானாக ரிசர்வைத் திறக்கும் கருவியைக் கட்டுரையாளர் புகழ்ந்திருக்கிறார். காற்றழுத்தத்தை அளந்து, ஆள் இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருக்கிறாரா என்று கணக்கிடும் நல்ல கருவிதான் அது. ஆனால் தரைக்கு அருகில் தவறாகத் திரும்புகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பணம் கட்டுமுன் பள்ளியிடம் கேளுங்கள்: முதல் குதிப்புகளில் ரேடியோவில் வழிநடத்துவார்களா? தரையில் உருளும் பயிற்சி எத்தனை மணி நேரம்? காற்று மணிக்கு 22 கி.மீ. தாண்டினால் மாணவர்களை நிறுத்திவைப்பார்களா? 'அதெல்லாம் மேலே போய்ப் பார்த்துக்கலாம்' என்று பதில் வந்தால் வேறு பள்ளி தேடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்கைடைவிங் பயிற்றுநர் ஒருவர்,
கோயம்புத்தூர்.