‘காணக்கூடிய’ என்ற சொல் எங்கே போயிற்று?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழின் அறிவியல் பக்கத்தில், "பிரபஞ்சத்தின் விட்டம் 9,300 கோடி ஒளியாண்டுகள்; அதற்கு அப்பால் இருப்பது வெற்றிடம் மட்டுமே" என்று ஒரு வாக்கியம் வந்திருந்தது. எட்டாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி அந்தப் பக்கத்தைக் கத்தரித்துத் தன் அறிவியல் குறிப்பேட்டில் ஒட்டி, இந்த வரியின் கீழே ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டு, "அந்த எல்லைக்குப் போனால் நாம் விழுந்துவிடுவோமா தாத்தா?" என்று கேட்டாள். அப்படி ஓர் எல்லை இல்லையம்மா என்றேன். "அச்சில் போட்டிருக்கிறார்களே" என்றாள். முப்பத்தொரு ஆண்டுகள் கணித ஆசிரியராக இருந்தவன் நான். அவளிடம் என் சொல்லைவிடத் தங்கள் அச்சுக்கு மதிப்பு அதிகமாக இருக்கிறது. அந்த மதிப்பைத் தாங்கள் இவ்வளவு அலட்சியமாகக் கையாளலாமா?

ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம் ஓர் ஒளியாண்டு. 9,300 கோடி ஒளியாண்டு என்பது நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தின் விட்டம். தாங்கள் அறியாததல்ல. ‘காணக்கூடிய’ என்ற அந்த ஒரு சொல்லை யாரோ வரி நீள்கிறது என்று வெட்டியிருக்கிறார்கள். அதை வெட்டியதும் பார்வையின் எல்லை பிரபஞ்சத்தின் எல்லையாகிவிட்டது.

நான் கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவன். அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். கரையில் நின்று பார்த்தால் கடல் ஐந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிட்டது போலத்தான் தெரியும். அப்பா தினமும் அந்தக் கோட்டைத் தாண்டிப் போய் மீனோடு திரும்புவார். அங்கிருந்து பார்த்தால் முதலில் கரை மணல் மறையும், பிறகு குடிசைகள், பிறகு பனைகளின் அடிமரம், கடைசியில் பனங்கொண்டை மட்டும் தண்ணீரின் மேல் நிற்கும் என்று சொல்லியிருக்கிறார். அவரைச் சுற்றி அங்கே வேறொரு தொடுவானம் இருந்தது. பள்ளிக்கூடமே போகாத மனிதர் அவர். தொடுவானம் பார்க்கிறவனோடு நகரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தங்கள் கட்டுரையில் அது இல்லை.

பிரபஞ்சத்திலும் அதே கதைதான். ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம் நம்மிடமிருந்து ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அங்கே ஒருவர் நின்று பார்த்தால் அவரை மையமாகக் கொண்டு அதே அளவிலான ஒரு கோளம் தெரியும். நமக்குத் தெரியாத 25 லட்சம் ஒளியாண்டு அகலப் பகுதி ஒரு பக்கத்தில் அவருக்குத் தெரியும். தாங்கள் சொல்லும் வெற்றிடம் யாருடைய கோளத்துக்கு வெளியே தொடங்குகிறது?

1964-இல் பென்சியாஸ், வில்சன் என்ற இரு வானியலாளர்கள் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு கொம்பு வடிவ ஆண்டெனாவில் தற்செயலாகப் பிடித்தார்களே, அந்த நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு, பிரபஞ்சம் தோன்றி ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளில் புறப்பட்ட ஒளி. ஒளியைக் கொண்டு அதற்கு முந்தையதை நாம் பார்க்க முடியாது. அந்த ஒளி பயணம் செய்த 1,380 கோடி ஆண்டுகளில் இடைவெளியே விரிந்துகொண்டிருந்ததால், அது புறப்பட்ட இடம் இன்று 4,500 கோடி ஒளியாண்டுக்குச் சற்று அப்பால் போய்விட்டது. அங்கிருந்த சூடான வாயு இத்தனை காலத்தில் நம்முடையதைப் போலவே விண்மீன் மண்டலங்களாகத் திரண்டிருக்கும். அங்கே பார்க்கிறவர் ஒருவர் இருந்தால், நம் சூரியனும் பூமியும் உருவான பொருள் அவருக்கு அதே மங்கலான பழைய ஒளியாகத்தான் தெரியும். நாம் அவருடைய விளிம்பில் இருக்கிறோம். நமக்கு அப்பால் வெற்றிடம் என்று அவர் எழுதினால் ஒப்புக்கொள்வோமா?

‘வெற்றிடம்’ என்ற சொல்லையும் சற்றுப் பாருங்கள். வெறுமை, இடம். வெறுமையாக இருந்தாலும் அது இடம்தானே? இடமாக இருந்தால் அதுவும் பிரபஞ்சத்தில் சேர்ந்ததுதான். கிரேக்கத் தத்துவஞானி ஆர்க்கிடாஸ் ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கிறார்: உலகின் விளிம்பில் நின்று என் கைத்தடியை நீட்டினால் அது நீளுமா, நீளாதா? நீண்டால் அங்கே இடம் இருக்கிறது. நீளாவிட்டால் தடுக்கிற ஏதோ ஒன்று இருக்கிறது. தமிழில் நாம் விண்ணையும் ‘வெளி’ என்கிறோம், புறத்தையும் ‘வெளி’ என்கிறோம். வெளிக்கு வெளியே என்ன என்ற கேள்வியே நம் மொழியில் நாக்கைச் சுற்றிக்கொள்கிறது. அந்த அழகான திகைப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய இடத்தில் ஒரு பொய்யான சுவரை எழுப்பியிருக்கிறீர்கள்.

எல்லை இல்லாமலேயே பிரபஞ்சம் அளவுக்கு உட்பட்டதாக இருக்கலாம், பூமியின் மேற்பரப்பில் எறும்பு எவ்வளவு நடந்தாலும் விளிம்பு வராதது போல. முடிவற்றதாகவும் இருக்கலாம். அந்தப் பின்னணிக் கதிர்வீச்சைப் பிளாங்க் விண்கலம் அளந்ததில், அளவீட்டுப் பிழைக்கு உட்பட்டு, பூமியின் மேற்பரப்புக்கு இருப்பது போன்ற வளைவு எதுவும் பிரபஞ்சத்தில் தென்படவில்லை. அதை வைத்து முடிவிலிதான் என்று தீர்ப்புச் சொல்லவும் முடியாது. இது இன்னும் திறந்திருக்கும் கேள்வி. திறந்திருக்கிறது என்று எழுதுவதில் என்ன இழிவு?

அதே பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள், "முடிவிலி என்பது எண்ண முடியாத அளவு மிகப் பெரிய எண்" என்று போட்டிருந்தீர்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் அதனோடு ஒன்றைக் கூட்டலாம். முடிவிலி அந்த வரிசையில் கடைசியாக நிற்கும் எண் அல்ல. 1, 2, 3 என்று ஒரு வரிசை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் 2, 4, 6 என்று அதன் இரட்டிப்பை எழுதுங்கள். ஒன்றுக்கு ஒன்று துணை கிடைத்துக்கொண்டே போகும். பாதி என்று நினைத்தது முழுமைக்குச் சமமாக நிற்கும். 1638-இல் வெளிவந்த நூலில் கலிலியோ வர்க்க எண்களை வைத்து இதே இடத்தில் திகைத்து நின்றார். ஜெர்மனியின் கணித அறிஞர் கேன்டர் அந்தத் திகைப்பைத் தாண்டினார்.

1891-இல் அவர் காட்டிய மூலைவிட்ட முறையை ஆண்டுதோறும் கரும்பலகையில் போட்டிருக்கிறேன். தசம எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொல்வேன். முதல் எண்ணின் முதல் இலக்கத்தை மாற்று, இரண்டாவதன் இரண்டாவதை மாற்று, மூன்றாவதன் மூன்றாவதை மாற்று. கிடைக்கும் புதிய எண் அந்தப் பட்டியலில் எங்குமே இருக்காது, பட்டியல் முடிவில்லாமல் நீண்டாலும்கூட. ஆக, 1, 2, 3 என்ற வரிசையோடு ஒன்றுக்கு ஒன்று துணை சேர்த்துத் தீர்க்க முடியாத அளவுக்குத் தசம எண்கள் அதிகம். ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "அப்படியானால் முடிவிலியிலும் சின்னது பெரியது உண்டா சார்?" என்று கேட்டான். சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு அவனைக் கைதட்டச் சொன்னேன், அவனுக்கே. கேன்டர் இதற்காகப் பட்ட ஏச்சு கொஞ்சமல்ல. கடைசியில் 1918-இல் ஹாலே நகரின் மனநலக் காப்பகத்தில் இறந்தார். அவர் வாழ்நாளைக் கொடுத்து விளக்கியதைத் தாங்கள் ஒரே வரியில் ‘மிகப் பெரிய எண்’ என்று முடித்துவிட்டீர்கள்.

இது முதல் முறையும் அல்ல. தங்கள் சினிமாப் பக்கத்தில் "பல ஒளியாண்டுகளுக்கு முன்பு" என்று வந்தபோது, ஒளியாண்டு தூரம், காலம் அல்ல என்று எழுதினேன். பதில் இல்லை. பில்லியனைக் கோடியாக்கும்போது இரண்டு சுழியம் விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டினேன். அதற்கும் இல்லை. சந்திர கிரகணத்துக்குப் பரிகாரம் அரைப் பக்கம், நிழல் எப்படி விழுகிறது என்பதற்கு நான்கு வரி. சிறுவர் பக்கத்தில் இருந்த கணிதப் புதிரை விளம்பரத்துக்காக எடுத்தீர்கள். நாற்பது ஆண்டுகளாகத் தங்கள் இதழை வாங்குகிறேன். பணம் இல்லாத மாதங்களிலும் பாலை நிறுத்தினேன், இதழை நிறுத்தவில்லை. அந்த உரிமையில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் கேட்பது இரண்டு வரி. அடுத்த ஞாயிறு இணைப்பிதழில், அது காணக்கூடிய பிரபஞ்சத்தின் அளவு என்றும், அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது இன்னும் தெரியாது என்றும் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அறிவியல் பக்கத்தில் இடமில்லையென்றால் ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் போதும். வெட்டி ஒட்டுவதற்காக என் பேத்தி குறிப்பேட்டில் எதிர்ப்பக்கத்தை எழுதாமல் விட்டுவைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
நாகப்பட்டினம் மாவட்டம்