வேலி நட்டதோடு வேலை முடிவதில்லை: மொஹாவி நெடுஞ்சாலைப் பொறியாளர்களுக்குத் திறந்த மடல்

மொஹாவி பாலைவனத்தில் சாலை அமைக்கும் பொறியாளர்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் வணக்கம்.

பாலை ஆமைகள் சாலையில் ஏறி அடிபடாமல் தடுக்க ஓரத்தில் வேலி தேவையா என்ற கேள்விக்கு விடை கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. கலிஃபோர்னியாவின் 58ஆம் எண் நெடுஞ்சாலையில் நடந்த ஆய்வில், வேலியிட்ட பகுதியில் இறந்து கிடந்த பாலை ஆமைகள் வேலியில்லாத பகுதியைவிட 93 சதவீதம் குறைவு. இனப்பெருக்க வயதை எட்டவே 13 முதல் 20 ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் உயிர் இது. ஆகவே வேலி போடுங்கள். ஆனால் அதன் முன்னால் வந்து நிற்கும் ஆமை என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

அது திரும்பிப் போவதில்லை. மறுபக்கம் கண்ணுக்குத் தெரிவதால் கம்பிவலையை முட்டும், பிறகு வேலியோரமாகவே நடக்கும், வந்த வழியே திரும்பி மறுபடியும் நடக்கும். வாழ்நாளில் பெரும்பகுதியை வளைக்குள் கழிப்பதால்தான் பாலைவன வெயிலில் அது பிழைத்திருக்கிறது. வேலியை விடாமல் சுற்றும்போது வளைக்குத் திரும்பும் நேரம் தவறிவிடுகிறது. உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. புதிய வேலி ஆமையின் பழைய நடமாட்டப் பகுதியை வெட்டிக்கொண்டு போவதால் முதல் பருவத்தில்தான் ஆபத்து மிக அதிகம்.

எனவே முடிந்தவரை ஆமைகள் வளைக்குள் அடங்கியிருக்கும் குளிர்காலத்திலேயே வேலியை நட்டு முடியுங்கள். வசந்தத்தில் அவை வெளியே வரும்போது முதல் சில வாரங்களுக்குத் தினமும், வெயில் ஏறுமுன் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் வேலி நெடுக ஆள் நடக்க வேண்டும். மரநிழல் இல்லாத இடங்களில் ஆமை வெயிலுக்கு ஒதுங்க, பெரிய விட்டமுள்ள பிவிசி குழாய்த் துண்டுகளை வேலியின் பாலைவனப் பக்கம் பாதி புதைத்து மண் மூடி வையுங்கள்.

வலை 36 அங்குல அகல வெல்டு மெஷ்ஷாக (பற்றவைத்த கம்பிவலையாக) இருக்கட்டும். கண்கள் கிடைமட்டத்தில் 1 அங்குலம், செங்குத்தில் 2 அங்குலம். 12 அங்குலம் மண்ணுக்குள், 24 அங்குலம் வெளியே. பாறை தடுத்தால் அடிப்பகுதியை ஆமை வரும் பக்கமாகச் செங்கோணத்தில் மடக்கி, மேலே மண்ணும் கல்லும் இட்டு மூடுங்கள். சாலைப் பக்கம் மடக்கினால் ஆமை அடியில் தோண்டிப் புகுந்துவிடும்.

வேலி தோற்பது பெரும்பாலும் ஓடைகளில்தான். ஒரே ஒரு மழை வெள்ளம் அடிமண்ணை அரித்துவிட்டால், வேலியோரம் நடக்கும் ஆமை அந்த இடைவெளியைத் தவறாமல் கண்டுபிடிக்கும். உள்ளே நுழைந்தபின் அதே வேலி அதைச் சாலையோடு அடைத்து வைக்கிறது; வேலியே இல்லாததைவிட இது மோசம். பெருமழை பெய்தால் இரண்டு நாளுக்குள் ஒவ்வொரு ஓடையையும் பாருங்கள். வேலி முடியும் இடத்தையும் அப்படியே விடாமல் பாலைவனத்துக்குள் திருப்பி வளையுங்கள்.

சாலைக்கு அடியில் செல்லும் சிறுபாலங்களோடு வேலியை இடைவெளியின்றி இணைத்தால், ஓரமாக நடக்கும் பழக்கமே ஆமையைக் கடக்கும் வழிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பாலத்தின் வாயில் மண் அரித்துப் படிபோல் இறங்கியிருந்தாலோ, அரிப்பைத் தடுக்கப் பெருங்கற்களைக் கொட்டியிருந்தாலோ அந்த வழி அடைபட்டதுபோலத்தான். கற்களுக்கிடையே சிக்கும் ஆமை வெளியேற முடியாமல் சாகும். இடுக்குகளை மண்ணால் நிரப்பிச் சரிவாக்குங்கள். குறுக்குக் கம்பிகள் பதித்த கால்நடைத் தடுப்புக் குழிகளிலும் ஏறி வெளிவர ஒரு சரிவு தேவை.

வேலியோரம் வாயில் நுரை தள்ளிக் கிடக்கும் ஆமையைப் பார்த்தால் உங்கள் பணியாளர்கள் அவசரப்பட்டுத் தூக்கக் கூடாது. பயந்தால் அது சிறுநீர்ப்பையில் சேமித்த நீரை வெளியேற்றிவிடும். கோடையைத் தாண்ட அதற்கு அந்த நீர்தான் இருக்கிறது. உடனே நிழல் செய்துகொடுத்து, அனுமதி பெற்ற உயிரியலாளரை அழையுங்கள். அவருடைய எண் ஒவ்வொரு வண்டியிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.