முழங்கால் வலிக்காத மலைப்பாதை

பேர்ண், சுவிற்சர்லாந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீங்களும் ஐயாவும் நலமாக இருக்க வேண்டுகிறோம். "சுவிஸுக்கு வந்தால் மலைதானே ஏறவேண்டும், இந்த முழங்காலோடு நான் அங்கே என்ன செய்வது?" என்று போன கிழமை தொலைபேசியில் கேட்டீர்கள். அதற்கு மறுமொழியாகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுடன் லவுட்டர்புருன்னன் என்ற பள்ளத்தாக்குக்குப் போயிருந்தோம். அதே பெயருள்ள ஊரிலிருந்து பள்ளத்தாக்கின் உள்முனையிலுள்ள ஸ்டெகெல்பெர்க் வரை, ஏறக்குறைய 6 கிலோமீட்டர் தூரத்துக்கு ஆற்றோடு ஒட்டிய நடைபாதை ஒன்று இருக்கிறது. அவ்வளவு தூரத்திலும் மொத்த ஏற்றம் நூறு மீட்டரை ஒட்டித்தான் வரும். முன்னொரு காலத்தில் பனியாறு அரைத்துக்கொண்டு போன பள்ளத்தாக்கு என்பதால், இருபுறமும் பாறை சுவர்போல் செங்குத்தாக நிற்க, நடுவில் தரை மட்டமாகக் கிடக்கிறது. தம்பியைத் தள்ளுவண்டியில் வைத்தே கடைசிவரை கொண்டுபோனோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரைத் தாண்டுமுன்பே ஸ்டவுப்பாக் நீர்வீழ்ச்சி கண்ணில் படும். 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அந்த நீரில் பாதி தரையைத் தொடுமுன் காற்றில் தூளாகிவிடுவதால், கீழே நிற்பவர்களின் முகத்தில் மழைத்தூறல் போலத்தான் படுகிறது. கிணற்றை நம்பியே பயிர் செய்யும் மண்ணில் பிறந்த எனக்கு, இவ்வளவு தண்ணீர் கேட்பாரின்றி ஓடுவதைப் பார்க்க இன்னமும் மனம் பொறுக்கவில்லை. ஐயா பார்த்தால் எத்தனை பரப்புத் தோட்டத்துக்குக் காணும் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்.

பாதிவழியில் ட்ரூமல்பாக் இருக்கிறது. யுங்ஃபிராவ் உள்ளிட்ட மூன்று பெருமலைகளின் பனி உருகி, மலையைக் குடைந்துகொண்டு பத்து அருவிகளாக உள்ளே விழுகிறது. பெருக்கெடுக்கும் காலத்தில் நொடிக்கு 20,000 லீட்டர் வரை வருமாம். நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை உள்ளே விடுவதில்லை. ஆகவே நானும் தம்பியும் வெளியே இருக்க, உங்கள் மருமகன் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். மலைக்குள்ளேயே மின்தூக்கி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஈரப் படிகள் நிறைய உண்டு, அதனால் அங்கே நீங்களும் என்னோடு வெளியில்தான்.

இந்த நாட்டு நடைபாதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது மஞ்சள் வழிகாட்டிப் பலகைகள். அடுத்த ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று அவை சொல்வதில்லை. நடந்துபோக எத்தனை நிமிடம் என்றே சொல்கின்றன. அந்தக் கணக்கு திடகாத்திரமான சுவிஸ்காரருக்குரியது. பிள்ளைகளோடு போகும் நாங்கள் அதை இரட்டிப்பாகவே எடுத்துக்கொள்கிறோம். வழியில் இருந்து இளைப்பாற வாங்குகள் உண்டு. பள்ளத்தாக்கு நெடுகிலும் பேருந்து ஓடுவதால், கால் நோகத் தொடங்கினால் அடுத்த தரிப்பிடத்தில் ஏறிவிடலாம். முழுத்தூரமும் நடந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை.

மேலே பனி உருகி அருவிகள் நிறைந்து ஓடுவது ஜூன் மாதத்தில் என்பதால், அதற்கேற்றபடி விசாவுக்கு எழுதிப் போடுகிறோம். செருப்போடு மட்டும் வந்துவிடாதீர்கள். நல்ல சப்பாத்து இங்கே வாங்கி வைக்கிறேன். ஒரு கடதாசியில் பாதத்தை வைத்து, சுற்றிக் கோடு போட்டு, அடுத்த கடிதத்தோடு அனுப்பிவிடுங்கள். ஐயாவின் பாதத்தையும் சேர்த்து.

இப்படிக்கு,
அன்பு மகள்