தலையாட்டிவிட்டு வந்த பயிற்சி

ஐயா,

2018-இல் புதிய பாடப்புத்தகங்கள் வந்தபோது பக்கங்களில் க்யூஆர் கோடும் வந்தது. திக்‌ஷா என்ற அரசுக் கல்விச் செயலியில் ஸ்கேன் செய்தால் வீடியோ ஓடும் என்று பயிற்சியில் சொன்னார்கள். தலையாட்டிவிட்டு வந்தேன். அப்புறம் வெகுநாள் அந்தப் பக்கமே போகவில்லை. இருபது வருடம் சாக்பீஸ் பிடித்த கை, என்ன செய்ய?

கடைசியில் கற்றுக்கொடுத்தது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. "டீச்சர், போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க" என்றாள். அவ்வளவுதான் விஷயம்! இதயத்தின் நான்கு அறைகளைப் பலகையில் வரைந்து நான் அரை மணி நேரம் விளக்குவதை, அசையும் படம் இரண்டே நிமிடத்தில் காட்டிவிட்டது. பிறகு கேள்விகள் கேட்க எனக்கு நேரம் கிடைத்தது. அதுதான் பெரிய லாபம்.

ஆனால் டேட்டா என் சொந்தக் காசு. வகுப்பில் சிக்னல் கிடைப்பதோ ஜன்னலோரம் மட்டும்.

மண்டபத்தில் நூறு பேரை உட்காரவைத்து ஸ்லைடு காட்டும் பயிற்சி போதும். விவரம் தெரிந்த ஒருவர் பள்ளிக்கே வந்து, நாங்கள் பாடம் நடத்தும்போது இரண்டு நாள் பக்கத்தில் இருக்கட்டும். கல்வித் துறை இதை யோசிக்க வேண்டும்.

– அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், தருமபுரி மாவட்டம்