நூதனசாலைக்கு அரை மணி நேரம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

டிசம்பர் விடுமுறையை ஒட்டித் திருகோணமலைப் பாடசாலைகளிலிருந்து கல்விச் சுற்றுலாப் பேருந்துகள் புறப்படும் காலம் நெருங்குகிறது. 35 ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில், அந்தப் பயணங்களைத் திட்டமிடும் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் தங்கள் பத்திரிகை வாயிலாக ஒரு வேண்டுகோளை முன்வைக்க விரும்புகிறேன். தெகிவளை மிருகக்காட்சிசாலைக்கும் பேராதனைப் பூங்காவுக்கும் அரை நாள் ஒதுக்கும் நாம், நூதனசாலைகளுக்கு அரை மணி நேரமே ஒதுக்குகிறோம். அதுவும் பிள்ளைகள் பசித்தும் களைத்தும் இருக்கின்ற வேளையில். இந்த வழக்கம் மாறவேண்டும்.

சென்ற ஆண்டு என் பேத்தியின் வகுப்புப் பிள்ளைகளுக்குத் துணையாகக் கொழும்பு தேசிய நூதனசாலைக்குச் சென்றிருந்தேன். 1877 ஆம் ஆண்டு, ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் திறக்கப்பட்ட அந்த வெள்ளை மாளிகையில், 1911 இல் காலி நகரில் மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்தளபதி செங் ஹோ கொண்டுவந்த, 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்ட அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளும் ஒரே முகத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. சீன வாசகம் புத்தரையும், தமிழ் வாசகம் தேவேந்திரமுனைக் கோயிலின் இறைவனான தென்னாவரை நாயனாரையும், பாரசீக வாசகம் இஸ்லாமியரின் இறைவனையும் போற்ற, ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி என்று காணிக்கைப் பட்டியல் நீள்கிறது. மேலே இரண்டு சீன டிராகன்கள் எதிரெதிராக நிற்கின்றன. என் பேத்தி கல்லைத் தொடாமல், விரலைக் காற்றில் நகர்த்தியபடி தேய்ந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டினாள். ஒரு 'ய'வும் ஒரு 'ன'வும் பிடிபட்டபோது, "அப்பப்பா, இது எங்கட எழுத்து!" என்று அவள் சொன்ன குரலை என்னால் மறக்க முடியாது. அடுத்த வரிக்கு அவள் கண் இறங்குவதற்குள் பேருந்து புறப்படுகிறதென்று அழைப்பு வந்துவிட்டது.

அதே நூதனசாலையின் வெண்கலச் சிலைகளை நாங்கள் கடந்துதான் போனோம், நின்று பார்க்கவில்லை. 1907, 1908 ஆம் ஆண்டுகளில் பொலன்னறுவைச் சிவாலய இடிபாடுகளில் தொல்பொருள் ஆணையாளர் எச்.சி.பி. பெல் நடத்திய அகழ்வுகளில் வெளிவந்த நடராசரும், திருக்கேதீச்சரத்தைப் பாடிய சுந்தரமூர்த்தி நாயனாரும் அவற்றுள் அடங்குவர். நமது கோணேசர் ஆலயத்துக்குரிய விக்கிரகங்களும் 1950 இல் மண்ணுக்குள்ளிருந்தே வெளிவந்தன. அவை இன்று பூசையில் இருக்கின்றன. பூசையிலுள்ள மூர்த்தியைப் பிள்ளைகள் அருகில் நின்று ஆராய முடியாது, ஆராயவும் கூடாது. வார்ப்பின் நுட்பத்தையும் முகத்தின் பாவத்தையும் கிட்ட நின்று கற்க நூதனசாலையே இடம்.

கொழும்பு தூரம் என்போர், ஹபரணையில் திரும்பிப் பொலன்னறுவைக்குப் போகலாம். அங்குள்ள தொல்பொருள் நூதனசாலையில் பழைய கட்டடங்களின் மாதிரிகளும், அக்கால வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கருவிகளும், இந்துக் கோயில்களுக்கென்று ஒரு தனி அறையும் உள்ளன. அதைப் பார்த்துத் திரும்பும் பிள்ளைகளை, நமது பெரியகுளத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று சோழர் காலத்தில் பெயர் பெற்ற பௌத்த விகாரையின் தமிழ்க் கல்வெட்டுகளுக்கு முன் நிறுத்தினால், இரண்டு இடங்களையும் அவர்களே இணைத்துக்கொள்வார்கள்.

மலையகம் போகும் பேருந்துகள் கம்பளைக்கு அருகேயுள்ள தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகத்தையும் தவறவிடக் கூடாது. தேயிலையின் கதையைச் சொல்லும் இடங்கள் பல உண்டு. கொழுந்து பறித்தவர்களின் கதையை, அவர்கள் வாழ்ந்த லயன் அறையிலேயே சொல்லும் இடம் அது. யாழ்ப்பாணம் நாவலர் வீதியிலுள்ள நூதனசாலை சிறியதாயினும், அங்குள்ள திமிங்கில எலும்பும் ஏழு வாய்களுள்ள இசைப்பானையும் பிள்ளைகளைத் தாமாகவே இழுத்துக்கொள்ளும்.

நம் கரையில் கிடைத்தும் நாம் பார்க்க முடியாத ஒன்றும் உண்டு. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் கண்டெடுக்கப்பட்ட, பொன்முலாம் பூசிய, பௌத்தப் பெண் தெய்வமான தாரா தேவியின் சிலை, 1830 முதல் லண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. ஏறக்குறைய 143 சென்ரிமீற்றர் உயரமான அச்சிலையை இங்குள்ள பிள்ளைகளில் எத்தனை பேர் படத்திலாவது கண்டிருப்பார்கள்? வகுப்பறைச் சுவரில் அதன் படத்தை ஒட்டுவதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

ஊருக்குள்ளேயே, உட்துறைமுகக் கரையில், ஒல்லாந்தர் காலத்துக் கட்டடத்தில் கடல்சார் வரலாற்று நூதனசாலை இருக்கிறது. வெளிநாட்டவர் தேடி வருகிறார்கள். நடந்து போகும் தூரத்திலுள்ள நம் பிள்ளைகளில் பலர் உள்ளே போனதேயில்லை.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். நாட்டின் நூதனசாலை ஒன்றில், தமிழ் எழுத்துப் பொறித்த கல்லின் விளக்கப் பலகையில் தமிழ் விளக்கம் இல்லாததைக் கண்டு மனம் வருந்தினேன். பிள்ளைகள் என்னிடம் கேட்டார்கள். நான் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொன்னேன். எல்லாப் பேருந்திலும் அப்படி ஒருவர் இருக்கமாட்டார். ஆகவே, சுற்றுலாவுக்கு முன்னரே வரலாற்று ஆசிரியர்கள் ஐந்தாறு பொருள்களைத் தெரிவுசெய்து, அவற்றைப் பற்றித் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதிப் பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டுகிறேன். நூதனசாலைகள் திறந்திருக்கும் நாள்களையும் நேரங்களையும் தாங்கள் விடுமுறைக்கு முன் ஒருமுறை பிரசுரித்தால், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் அவலமும் தவிர்க்கப்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.